குவைத்துக்குப் பணி ஆணை வந்திருக்கும் ஆர்மி ரிசர்வ் வீரருக்கு ஒரு வழிகாட்டி

வார நாள்களில் அலுவலகம், மாதத்தில் ஒரு வார இறுதி சீருடை, கோடையில் இரண்டு வாரம் வருடாந்திரப் பயிற்சி என்று அமெரிக்காவில் வாழும் ஆர்மி ரிசர்வ் என்னும் சேமப்படை வீரர்களுக்காக இதை எழுதுகிறேன். முதன்முறையாக வெளிநாட்டுப் பணிக்கு அழைக்கப்பட்டிருப்பவர்களை, அதிலும் மனைவியையோ கணவரையோ குழந்தைகளையோ விட்டுவிட்டுச் செல்ல வேண்டியவர்களை, மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் சென்றது குவைத். மத்திய கிழக்குக்கு அனுப்பப்படும் சேமப்படையினரில் பலருக்கு முதல் நிறுத்தம் அதுதான்.

முழுநேர வீரர் ஒருவர் போர்முனைக்குப் போகும்போது அவருடைய குடும்பம் பெரும்பாலும் ஒரு படைத்தளத்தைச் சுற்றியே வாழ்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் பள்ளி ஆசிரியைக்கும் மருத்துவமனை வரவேற்பாளருக்கும் அது என்ன நிலைமை என்பது சொல்லாமலே தெரியும். நம் குடும்பமோ நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், படைவீரரை நேரில் பார்த்தே இராத அண்டை வீட்டாருக்கு நடுவே தனியாக இருக்கும். பாலைவன வெயிலைவிட இந்தத் தனிமைதான் நம்மை வாட்டும். இதற்கான மருந்தில் பெரும்பகுதி நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்த காகிதங்களில் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகிதங்களைப் பற்றியே பேசுவேன்.

ஆணையைப் படிப்பது

வாய்மொழித் தகவல் முதலில் வரும்; எழுத்து ஆணை பின்னால் வரும். எழுத்து ஆணை கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள், வண்டியை விற்காதீர்கள். ஆணை வந்ததும், எந்தச் சட்டப் பிரிவின்கீழ் நீங்கள் அழைக்கப்படுகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். தேசிய நெருக்கடிநிலையின்கீழ் வரும் 12302, முன்கூட்டியே திட்டமிட்ட பணிகளுக்கான 12304பி, தன்விருப்பத்தின் பேரிலான 12301டி ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. இந்த எண் வெறும் அலுவலக விவரம் அன்று. பழைய வேலைக்குத் திரும்பும் உரிமைக்கு ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்து ஆண்டு வரம்பு உண்டு. முதல் இரண்டு பிரிவுகளில் செய்யும் பணி அந்த வரம்பில் கணக்கிடப்படாது. தன்விருப்பப் பணிக்கு அந்த விலக்கு தானாகக் கிடைப்பதில்லை.

அடுத்துக் காலம். கட்டாய அழைப்பு ஒவ்வொன்றும் ஓராண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது 2007 ஜனவரியில் பாதுகாப்புத் துறை வகுத்த கொள்கை. நடைமுறையில் முன்பயிற்சியும் திரும்பிய பின் செய்யும் நடைமுறைகளும் போக, வெளிநாட்டில் ஏறத்தாழ ஒன்பது மாதம் இருப்பீர்கள். பணியில் சேரும் நாளுக்கு 180 நாள் முன்பிருந்தே குடும்பத்துக்கு டிரைகேர் மருத்துவக் காப்பீடு தொடங்கலாம் என்பதைப் பலர் அறியாமலே விட்டுவிடுகிறார்கள். அதற்கும் ஆணைதான் ஆதாரம் என்பதால், அதைப் பத்துப் பிரதிகளாவது எடுத்து வையுங்கள்.

பெயரும் முதலெழுத்தும்

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே காத்திருக்கிறது. டிரைகேர், குடும்ப அடையாள அட்டை, குடும்பத்தோடு வாழ்பவருக்கான வீட்டு வாடகைப்படி ஆகிய மூன்றுக்கும் உங்கள் மனைவியும் குழந்தைகளும் டீர்ஸ் என்னும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் 'கா. செந்தில்' என்றும், கடவுச்சீட்டில் 'செந்தில் காசிநாதன்' என்றும், படை ஆவணத்தில் காசிநாதனே முதற்பெயராகவும் இருந்தால், அங்கே அமர்ந்திருக்கும் ஊழியருக்கு இவை மூன்றும் ஒரே ஆள் என்று புரியவைப்பதற்குள் உங்கள் விடுப்பு நாள் முடிந்துவிடும். சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பெயர் வேறுபாட்டை விளக்கும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் முன்னதாகவே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். ஊரிலிருந்து சான்றிதழின் புதிய பிரதி வாங்க வேண்டியிருந்தால் அதற்கு ஆகும் வாரங்களையும் கணக்கில் சேருங்கள். இதை ஆணை வருவதற்கு முன்பே, சாதாரண ஒரு வார இறுதியில் முடித்துவிடுவதுதான் நல்லது.

அதிகாரப் பத்திரம், காப்பீடு, குழந்தைகள்

படைப்பிரிவின் சட்ட உதவி அலுவலகத்தில் உயிலும் அதிகாரப் பத்திரமும் இலவசமாக எழுதித் தருவார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே அதிகாரப் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடலாம் என்று நான் நினைத்தேன். நான் குவைத்தில் இருந்தபோது வாகனக் கடனை மாற்றி அமைக்க என் மனைவி அந்தப் பத்திரத்தோடு போனார். 'இது பொதுப் பத்திரம், இந்தக் கடனைப் பற்றி இதில் எதுவும் இல்லை' என்று ஒரு வங்கிக் கிளை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. எனவே வாகனம், வீடு, வரி, வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் முடிவுத் தேதி இருக்கட்டும். வங்கிக்குத் தனிப் படிவம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நெருக்கடியில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதைப் பதியும் டிடி 93 படிவத்தையும், எஸ்ஜிஎல்ஐ ஆயுள் காப்பீட்டில் பயனாளியின் பெயரையும் சரிபாருங்கள். காப்பீட்டின் உச்சத்தொகை 2023 மார்ச் 1 முதல் 5,00,000 டாலர். திருமணத்துக்கு முன் படையில் சேர்ந்தவர்களின் படிவத்தில் தந்தையின் பெயரே இன்னும் நின்றுகொண்டிருக்கும். மனைவியோடு அமர்ந்து இதைப் பேசுவது கடினம்தான். ஆனாலும் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தையைத் தனியாக வளர்ப்பவரும், கணவன் மனைவி இருவருமே படையில் இருப்பவர்களும் குடும்பப் பராமரிப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மற்றவர்களும் தங்களுக்காகவாவது ஒன்று எழுதிவைப்பது நல்லது. 'அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்வார்' என்பதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் யோசனை. பி-2 விசாவில் வரும் பெற்றோருக்கு வழக்கமாக ஆறு மாதம் வரையே தங்க அனுமதி கிடைக்கும். நீங்கள் இல்லாமல் இருக்கப்போவது அதைவிட அதிக காலம். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கிடைத்துவிடும் என்று எண்ணித் திட்டம் போடக் கூடாது. என் மாமியாரை முதல் மூன்று மாதத்துக்கு அழைக்காமல், நான் கிளம்பி மூன்று மாதம் கழித்து வரச் சொன்னோம். தொடக்கத்தில் நண்பர்களின் உதவி தாராளமாக இருக்கும். நடுவில்தான் வீடு ஓய்ந்துபோகும்.

வேலையும் கடனும்

முதலாளியிடம் வாய்மொழியாகச் சொன்னாலே சட்டப்படி போதும். ஆயினும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் வாங்கி வையுங்கள். 1994ஆம் ஆண்டின் யூசெரா சட்டப்படி, நீங்கள் வேலையை விட்டு நீங்காமல் இருந்திருந்தால் எந்த நிலையை எட்டியிருப்பீர்களோ அந்த நிலைக்குத் திரும்ப உங்களுக்கு உரிமை உண்டு. பணிக்காலம் 180 நாளைத் தாண்டினால், திரும்பி வந்த பிறகு 90 நாளுக்குள் மீண்டும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடன்களுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று எஸ்சிஆர்ஏ சட்டம் சொல்கிறது. கடன் அட்டை பாக்கிக்கும் இது பொருந்தும். ஆனால் அது தானாக நடக்காது. ஆணையின் பிரதியோடு எழுத்தில் கேட்க வேண்டும். பணி முடிந்து 180 நாள்வரை அவகாசம் உண்டு. தனியாக வாழ்பவர்கள் 90 நாளுக்குக் குறையாத பணிக்குப் போகும்போது வாடகை ஒப்பந்தத்தை அபராதமின்றி முறித்துக்கொள்ளவும் இதே சட்டம் இடம் தருகிறது.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேமப்படைக் கணக்கிலிருந்து முழுநேரக் கணக்குக்கு மாறும்போது முதல் ஓரிரு சம்பளம் தாமதமாவதும் குறைந்து வருவதும் சேமப்படையினருக்குப் புதிதல்ல. இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை வீட்டுக் கணக்கில் விட்டுச் செல்லுங்கள். குவைத் 1991 முதல் வரி விலக்குக்குரிய போர்மண்டலப் பட்டியலில் இருப்பதால், அங்கே ஒரு நாள் இருந்தாலும் அந்த மாதம் முழுவதற்குமான அடிப்படைச் சம்பளத்துக்குச் சாதாரண வீரர்கள் கூட்டரசு வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தங்கள் தொடரும். போர்மண்டலப் பணியில் 30 நாள் கழித்துப் படையின் சிறப்புச் சேமிப்புத் திட்டத்தில் 10,000 டாலர்வரை போடலாம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. இதைவிடப் பாதுகாப்பான வருமானம் வேறெங்கும் கிடைக்காது.

திரட்டல் முகாம்

உங்கள் ஊரிலிருந்து நேராக வெளிநாட்டுக்குப் போவதில்லை. டெக்சாஸின் எல் பாசோவை ஒட்டிய ஃபோர்ட் பிளிஸ் போன்ற ஒரு தளத்தில் சில வாரம் தங்கி, மருத்துவம், பல், சட்டம், சம்பளம் என்று மேசை மேசையாக நகர வேண்டும். இங்கே ஆள்களை அதிகம் தடுத்து நிறுத்துவது பற்கள்தான். பல் மருத்துவர் உங்களை மூன்றாம் வகையில் போட்டால் சிகிச்சை முடியும்வரை நகர முடியாது. ஆகவே சொத்தைப் பல்லை ஊரிலேயே அடைத்துவிட்டு வாருங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சிறுவயதில் தோளில் போட்ட பிசிஜி தடுப்பூசியின் காரணமாகக் காசநோய்க்கான தோல் பரிசோதனையில் தடிப்பு வந்துவிடலாம். தோல் பரிசோதனைக்கு முன்பே தடுப்பூசி போட்டதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இல்லையெனில் மார்பு எக்ஸ்ரே, மறு விசாரணை என்று நாள்கள் போகும். அன்றாடம் மருந்து சாப்பிடுபவர்கள் 180 நாளுக்கான இருப்பை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவர்கள் இரண்டு கண்ணாடிகளோடு, நச்சுவாயு முகமூடிக்குள் பொருத்தும் வில்லைகளையும் கேட்டுப் பெறுங்கள். ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிக்குப் பின் கை இரண்டு மூன்று நாள் கடுக்கும். வலக்கையால் சுடுபவர் இடக்கையில் போட்டுக்கொள்வது நல்லது.

துப்பாக்கியை 25 மீட்டரில் குறிசரி செய்துவிட்டு, 40 இலக்குகளில் குறைந்தது 23ஐ வீழ்த்த வேண்டும். மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் பொறுமை இழப்பவர்கள்தான் சண்டை பிடிக்கிறார்கள், அடையாள அட்டையைத் தொலைக்கிறார்கள். ஒரு புத்தகம் எடுத்துச் செல்லுங்கள்.

பையில் என்ன வைப்பது

படை தரும் கவச உடையும் முகமூடியும் தலைக்கவசமுமே இரண்டு டஃபில் பைகளை நிரப்பிவிடும். நீங்களாகச் சேர்க்க வேண்டியவை சிலவே: குளியலறைச் செருப்பு, ஒற்றைக் கட்டில் விரிப்பு, இரண்டு பூட்டு, சிவப்பு ஒளி தரும் நெற்றி விளக்கு, கட்டிலைச் சுற்றித் திரை கட்டக் கயிறு, துப்பாக்கியின் தூசி தட்ட ஒரு சிறிய பெயின்ட் பிரஷ். குவைத்தில் மின்சாரம் 240 வோல்ட், மூன்று செவ்வகக் கால் கொண்ட பிரிட்டன் வகைச் செருகி. அமெரிக்காவின் 120 வோல்ட் சாதனத்தை வெறும் செருகி மாற்றியோடு இணைத்தால் அது புகைந்துவிடும். தங்குமிடத்தில் சமைப்பது பெரும்பாலும் தடை என்பதால் ரைஸ் குக்கர் ஆசையை விட்டுவிடுங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எண்ணெய் கசிந்து சீருடை பாழாகும். பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் இறுக்கிக் கட்டிய உறையில் ஒன்பது மாதமும் கைகொடுக்கும்.

புறப்பாடு

புறப்படும் தேதியும் நேரமும் வழித்தடமும் வெளியே போகக் கூடாது. இதை நம் வீட்டாரிடம் விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும். சித்தப்பாவுக்குச் சொன்னால் அது அன்று மாலையே நாற்பது பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் செய்தியாக வந்துவிடும். 'போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு அமர்த்திய பயணிகள் விமானத்தில்தான் போவீர்கள். தோட்டா இல்லாத துப்பாக்கி காலடியில் கிடக்கும். மெயின் மாநிலத்தின் பாங்கோர் விமான நிலையத்தில் உங்கள் விமானம் நின்றால், 1991 வளைகுடாப் போர்க் காலத்திலிருந்து வீரர்களை வரவேற்றுவரும் ஊர் முதியவர்கள், நள்ளிரவானாலும் வரிசையாக நின்று கைகுலுக்குவார்கள். வீட்டுக்குப் பேசக் கைப்பேசியும் தருவார்கள். அந்த வரிசையில் எண்பது வயதைக் கடந்த ஒருவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எதுவும் பேசாமல் சற்று நேரம் நின்றார்.

முகாமில் ஒரு நாள்

குவைத்தில் பெரும்பாலோர் தங்குவது தெற்கே கேம்ப் அரிஃப்ஜானில், அல்லது வடமேற்குப் பாலையில் கேம்ப் பியூரிங்கில். முதல் இரண்டு வாரம், நீங்கள் மாற்றப்போகும் பிரிவினரின் அருகிலிருந்து அவர்கள் செய்வதைப் பார்ப்பீர்கள். பிறகு நீங்கள் செய்ய, அவர்கள் பார்ப்பார்கள். இந்த நாள்களில் குறிப்பேடு கையில் இருக்கட்டும். அவர்கள் விமானம் ஏறிய பிறகு கேட்க ஆளில்லை.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தப்பான துணிச்சல் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் கிரிக்கெட் ஆடியவன் நான், இதென்ன என்று நானும் நினைத்தேன். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவானது 53.9 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் சட்டை நனைந்து உடம்பு நம்மை எச்சரிக்கும். அங்கே உள்நிலப் பாலையின் வறண்ட காற்றில் வியர்வை தெரியும் முன்பே காய்ந்து, சட்டையில் உப்புக் கோடு மட்டும் நிற்கும். முகாமில் வெப்பநிலைக்கேற்ப வண்ணக் கொடி ஏற்றுவார்கள்; கறுப்புக் கொடி பறந்தால் கடின வேலையில் பத்து நிமிட உழைப்புக்கு ஐம்பது நிமிட ஓய்வு. தண்ணீரும் அளவோடுதான்: மணிக்கு ஒன்றரை குவார்ட், அதாவது சுமார் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம், நாளுக்குப் 12 குவார்ட்டைத் தாண்ட வேண்டாம். உணவின்றித் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்புக் குறைந்து மயங்கி விழுவீர்கள். ஜனவரி இரவுகளோ எதிர்பாராத அளவுக்குக் குளிரும், கம்பளிக் குல்லாயும் வேண்டும்.

உணவுக்கூடத்தில் சோறு கிடைக்கும், காய்கறிகளும் சாலடும் தாராளம். மரக்கறி மட்டும் உண்பவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். வெளிக்களத்தில் தரும் பொட்டல உணவில் 24 வகைகளுக்கு நான்கு மட்டுமே மரக்கறி என்பதால், பெட்டியைத் திறக்கும்போது அருகில் இருங்கள்.

உணவுக்கூடம், சலவையகம், முடிதிருத்தகம் எல்லாவற்றிலும் ஒப்பந்த ஊழியர்களாக இந்தியா, நேபாளம், இலங்கை, பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள் வேலை செய்கிறார்கள். சலவைப் பையை வாங்கிய ஒருவர் என் பெயர்ப் பட்டியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'சார், தமிழா?' என்றார். ஆமாம் என்றதும் 'தம்பி, எந்த ஊர்?' என்று விளிப்பு மாறிவிட்டது. ராமநாதபுரத்துக்காரர், மகளை மூன்று வயதில் பார்த்தவர், அவள் இப்போது எட்டாம் வகுப்பு. ஒன்பது மாதத்தை எண்ணிக்கொண்டிருந்த நான் அவர் முன்னால் அதன்பின் நாள்கணக்குப் பேசவில்லை. இவர்களிடம் மரியாதையோடு பழகுங்கள். ஆனால் பணி, நடமாட்டம் பற்றித் தமிழில்கூட எதுவும் பேசக் கூடாது.

தளபதியின் பொது ஆணை எண் ஒன்று மதுவைத் தடை செய்கிறது, ஆபாசப் படங்களைத் தடை செய்கிறது, தெரு நாய்க்கும் பூனைக்கும் சோறு வைத்து வளர்ப்பதையும் தடை செய்கிறது. மூன்றாவது பலருக்கு வியப்பாக இருக்கும். வெறிநோய் அச்சமே காரணம்.

ஆபத்தைப் பற்றி மழுப்பக் கூடாது. 2024 ஜனவரி 28 அன்று ஜோர்டானின் டவர் 22 நிலையில், விடியுமுன் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது ட்ரோன் விழுந்து இறந்த மூவரும் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்மி ரிசர்வ் வீரர்கள். 'நாம் பின்வரிசைப் படைதானே' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வந்த முதல் நாளே படுக்கையிலிருந்து பதுங்குகுழிவரை இருட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள். காலணியை எப்போதும் ஒரே இடத்தில் கழற்றி வையுங்கள்.

வீட்டோடு பேசுவது

குவைத் நேரம் நியூ ஜெர்சிக்குக் கோடையில் ஏழு மணி நேரமும் குளிர்காலத்தில் எட்டு மணி நேரமும் முந்தியது. சென்னைக்கு இரண்டரை மணி நேரம் பிந்தியது. என் மகள் தூங்கப்போகும் நேரத்தில் எனக்குப் பின்னிரவு மூன்று. அவள் எழும் ஏழு மணிக்கு எனக்கு மதியம் இரண்டு. அதனால் மதிய உணவைத் தள்ளிவைத்து, அவள் பல் துலக்கும் பத்து நிமிடத்தை எங்கள் நேரமாக்கிக்கொண்டோம். தினமும் ஒரு மணி நேரம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இணையத் தொடர்பு திடீரென நின்றுவிடும் நாள்களும் உண்டு; அன்று வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். இரண்டு நாள் பேச்சில்லை என்றால் பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

திரும்புதல்

காலணியின் இடுக்கு மண்ணைக்கூட அமெரிக்க வேளாண் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதால் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். முழங்கால் வலியோ இருமலோ காது இரைச்சலோ எதுவானாலும் அங்கேயே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குச் சீக்கிரம் போகும் அவசரத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டால், பின்னாளில் முன்னாள் படைவீரர் நலத் துறையிடம் நிரூபிப்பது கடினம். பணி முடிந்ததற்குச் சான்றான டிடி 214 படிவத்தில் ஒவ்வொரு தேதியையும் வெளிநாட்டு நாள்களையும் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். குடும்பத்துக்கான டிரைகேர் இன்னும் 180 நாள் தொடரும். 90 நாள் அவகாசம் இருக்கிறதே என்று தெரிந்துகொண்டு, அடுத்த திங்கட்கிழமையே அலுவலகத்துக்கு ஓடாதீர்கள்.

வீட்டில் நீங்கள் இல்லாத மாதங்களை ஒருவர் நடத்தியிருக்கிறார். மின்கட்டணத்தையும் பள்ளிக் கூட்டத்தையும் வண்டிச் சாவியையும் வந்த மறுநாளே பிடுங்கிக்கொள்ள வேண்டாம். என் மனைவி ஒரு பள்ளி நோட்டில் தேதிவாரியாக எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்: யாருக்கு எவ்வளவு கட்டியது, எந்த மருத்துவர் என்ன சொன்னார், கொதிகலன் பழுதான இரவு யார் வந்து உதவினார்கள். இருவரும் அமர்ந்து அதைப் பக்கம் பக்கமாகப் படித்து முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. அதன் பிறகே அதிகாரப் பத்திரங்களை அவரிடமிருந்து வாங்கிக் கிழித்தேன்.